அரசியல் நிச்சயமின்மையும் நாணய மதிப்பும்: கூடங்குளம் ஒப்பந்தம்

ஒரு நாட்டின் ஆட்சியும் கொள்கையும் வணிக உறவும் இனி எப்படி அமையும் என்று தெரியாத நிலை அரசியல் நிச்சயமின்மை எனப்படும். அது விரைவாக வெளிப்படும் இடங்களுள் ஒன்று அந்நியச் செலாவணிச் சந்தை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரெக்சிட் காலத்தில் பவுண்டுக்கு நேர்ந்தது இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான ஒன்று, தாமிரபரணிப் படுகைக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் வரலாற்றில் இருக்கிறது.

நாணய மதிப்பு ஏன் மாறுகிறது

ஒரு நாட்டின் நாணயத்தை வைத்திருப்பவர், அந்நாட்டின் எதிர்காலத்தின் மீது நம்பிக்கை வைத்திருக்கிறார். அந்த நம்பிக்கை குறையும்போது பலரும் முதலில் நாணயத்தை விற்றுவிட்டு, பிறகு நிலைமையைக் கவனிக்கிறார்கள். விற்பவர் பெருகினால் மதிப்பு இறங்கும்.

2016 சூன் 23 அன்று பிரெக்சிட் வாக்கெடுப்பு நடந்தது. வாக்கு எண்ணிக்கையின் தொடக்கத்தில் சுமார் 1.50 டாலராக இருந்த பவுண்டு, சில மணி நேரத்தில் சுமார் 1.32 டாலருக்கு இறங்கியது. 1985க்குப் பின் அதுவே மிகத் தாழ்ந்த மதிப்பு. அன்று ஒரு சட்டமோ சுங்கவரியோ மாறியிருக்கவில்லை. மாறியது எதிர்பார்ப்பு மட்டுமே. 2020 சனவரி 31இல் பிரித்தானியா விலகும் வரை, உடன்பாடின்றி விலகும் வாய்ப்பு கூடியபோதெல்லாம் பவுண்டு இறங்கியது. அது குறைந்தபோது ஏறியது.

இத்தகைய ஏற்ற இறக்கத்திலிருந்து தப்ப வணிகர்கள், பிற்காலத்தில் வாங்கவிருக்கும் நாணயத்துக்கு இன்றே விலை பேசி முன்பேர ஒப்பந்தம் செய்துகொள்வர். சில மாதங்களில் முடியும் வணிகத்துக்கு இது உதவும். பல பத்தாண்டுகள் நீளும் திட்டத்துக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைப்பதில்லை.

1988 ஒப்பந்தம்

கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகளை அமைக்க, பிரதமர் ராசீவ் காந்தியும் சோவியத் தலைவர் மிக்கைல் கோர்பச்சேவும் 1988 நவம்பர் 20 அன்று ஒப்பந்தம் செய்தனர். அக்காலத்தில் இந்திய–சோவியத் வணிகம் டாலரில் நடைபெறவில்லை. கணக்கு ரூபாயில் தீர்க்கப்பட்டது. ரூபாய்–ரூபிள் வீதத்தை 1978இல் செய்துகொண்ட உடன்படிக்கை வரையறுத்தது, சந்தை தீர்மானிக்கவில்லை.

மூன்றே ஆண்டுகளில் இரு தரப்பும் ஆட்டம் கண்டன. இந்தியாவில் 1990 நவம்பருக்கும் 1991 சூனுக்கும் இடையில் ஆட்சி இருமுறை மாறியது. 1991 மே 21 அன்று ராசீவ் காந்தி கொல்லப்பட்டார். வளைகுடாப் போரால் எண்ணெய்ச் செலவும் ஏறியிருந்தது. அந்நியச் செலாவணி இருப்பு கரைந்து, தங்கத்தை அடகு வைக்க நேர்ந்தது. சூலை 1, 3 ஆகிய நாள்களில் ரூபாயின் மதிப்பு இரு கட்டமாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில் கோர்பச்சேவ் பதவி விலக, சோவியத் ஒன்றியமும் கலைந்தது.

1992 சூலையில் ஒரு டாலருக்குச் சுமார் 125ஆக இருந்த ரூபிள், ஆண்டு இறுதிக்குள் 400ஐத் தாண்டியது. இதனால் இந்தியா திருப்பித் தர வேண்டிய பழைய சோவியத் கடன் எவ்வளவு என்ற சிக்கல் எழுந்தது. சந்தை வீதத்தில் கணக்கிட்டால் அது மிகச் சிறிய தொகை. 1978 உடன்படிக்கைப்படி கணக்கிட்டால் மிகப் பெரிய தொகை. 1993 சனவரியில் ரசிய அதிபர் போரிசு எல்ட்சின் தில்லி வந்தபோது இதற்குத் தீர்வு காணப்பட்டது. பெரும்பகுதியை 12 ஆண்டுகளிலும் எஞ்சியதை 45 ஆண்டுகளிலும் ரூபாயிலேயே செலுத்துவது என்று முடிவானது. கூடங்குளம் திட்டமோ கிடப்பில் இருந்தது.

டாலருக்கு மாறிய கடன்

1998 சூனில் துணை ஒப்பந்தம் கையெழுத்தாகித் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை ரசியக் கடன் டாலரில் கணக்கிடப்பட்டது. இரண்டே மாதங்களில், ஆகத்து 17 அன்று, ரசியா ரூபிளின் மதிப்பைத் தாங்கிப்பிடிப்பதைக் கைவிட்டது. டாலருக்குச் சுமார் 6ஆக இருந்த ரூபிள் ஒரு மாதத்துக்குள் 20 அளவுக்குச் சரிந்தது. ஆனால் கடன் டாலரில் இருந்ததால் பழைய கணக்குச் சிக்கல் மீளவில்லை.

எனினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. அது இடம் மாறியது. டாலர் கடனில், ரூபாய் இறங்கினால் இந்தியா செலுத்த வேண்டிய ரூபாய்த் தொகை கூடும். 1998இல் சுமார் 42 ரூபாயாக இருந்த டாலர், முதல் உலை இயங்கத் தொடங்கிய 2013இல் ஒரு கட்டத்தில் 68 ரூபாயைத் தாண்டியது.

2022க்குப் பின்

2022 பிப்ரவரியில் ரசியா உக்ரைன் மீது படையெடுத்தபோது, கூடங்குளத்தில் மேலும் நான்கு உலைகள் கட்டப்பட்டு வந்தன. டாலருக்குச் சுமார் 80ஆக இருந்த ரூபிள் மார்ச்சில் 120ஐத் தாண்டியது. பின்னர் ரசியாவின் கடும் கட்டுப்பாடுகளால் சூனில் 60க்கும் கீழே வந்தது. பொருளாதாரத் தடைகளால் ரசியாவுக்கு டாலரில் பணம் அனுப்புவதும் கடினமானது. பன்னாட்டு வணிகத்தை ரூபாயில் தீர்க்கும் ஏற்பாட்டை இந்திய ரிசர்வ் வங்கி 2022 சூலை 11 அன்று அறிவித்தது.

ஒரு நீண்டகால ஒப்பந்தத்தில் எந்த நாணயம் இடம்பெறுகிறது என்பது வெறும் கணக்கு முறை அன்று. அரசியல் நிச்சயமின்மையின் சுமை பின்னாளில் யார் தலையில் விழும் என்பதையும் அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது.