மாதவிடாய்க்கு முந்தைய மார்பக வலி

மாதவிடாய்க்கு முந்தைய மார்பக வலி என்பது, மாதவிடாய் தொடங்குவதற்குச் சில நாட்களோ ஓரிரு வாரங்களோ முன்னதாகத் தோன்றி, உதிரப்போக்கு தொடங்கியதும் தானாகக் குறையும் வலியாகும். மாதந்தோறும் சுழற்சியாக வந்து போவதால் இது சுழற்சிசார் மார்பக வலி எனவும் அழைக்கப்படுகிறது. பூப்பெய்திய பெண்கள் முதல் மாதவிடாய் நிற்கும் வயதினர் வரை பலருக்கும் இது ஏற்படுகிறது. இது நோயன்று. ஆயினும் வெளியே சொல்லக் கூச்சம், புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சம் ஆகிய இரண்டும் சேர்ந்து, வலியைவிட அதிகமாகப் பலரை வாட்டுகின்றன.

காரணம்

28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 14ஆம் நாள் சூலகத்திலிருந்து கருமுட்டை வெளியேறுகிறது. அதன்பின் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உயர்கிறது. ஈஸ்ட்ரோஜன் பால் நாளங்களையும், புரோஜெஸ்டிரோன் பால் சுரக்கும் நுண்ணறைகளையும் வளரத் தூண்டுகின்றன. கரு தங்கினால் பாலூட்ட வேண்டுமே என்று உடல் மாதந்தோறும் செய்யும் முன்னேற்பாடு இது எனலாம். அப்போது திசுக்களில் நீர் கோத்து மார்பகம் கனக்கிறது. கரு தங்காதபோது இந்த ஹார்மோன்கள் குறைகின்றன, மாதவிடாய் வருகிறது, வீக்கமும் வடிகிறது. வலி உள்ளவர்களின் இரத்தத்தில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எனவே "ஹார்மோன் கோளாறு" என்று அஞ்சத் தேவையில்லை.

அடையாளம் காணுதல்

வலி பொதுவாக இரு மார்பகங்களிலும், மேற்புறத்தின் வெளிப்பக்கத்தில் இருக்கும். அக்குள் வரை பரவலாம். ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக இருப்பதும் உண்டு. தொட்டால் நோகும், சிறு முடிச்சுகள் போல நெருடும். இதை உறுதி செய்ய, வீட்டில் தொங்கும் நாட்காட்டியே போதும். வலித்த நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் இரண்டு மூன்று மாதங்கள் குறித்துவந்தால் ஒழுங்கு தெரிந்துவிடும். பின்னர் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தாலும் இந்தக் குறிப்பு பெரிதும் உதவும். மாதவிடாய் தள்ளிப்போய் வலி தொடர்ந்தால், திருமணமானவர்கள் கருத்தரிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தணிக்கும் வழிகள்

முதலில் கவனிக்க வேண்டியது உள்ளாடை. வளரும் பெண்ணுக்கு ஒருமுறை வாங்கிய அளவையே ஆண்டுக்கணக்கில் வாங்குவதும், அக்காவினுடையதைத் தங்கை அணிவதும் வீடுகளில் சாதாரணம். மார்பகத்தின் எடையைத் தாங்க வேண்டியது பிராவின் தோள்பட்டி அன்று, மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டியே. அந்தப் பட்டி முதுகில் மேலேறினால் அது தளர்வானது. தோளில் தடம் பதிந்தால் பாரம் தவறான இடத்தில் விழுகிறது. மார்புக்குக் கீழே ஒரு சுற்றளவும், மார்பின் மேல் ஒரு சுற்றளவும் தையல் நாடாவால் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வது நல்லது. ஓடும்போதும் விளையாடும்போதும் அசைவைக் குறைக்கும் விளையாட்டு பிராவும், வலி மிகுந்த நாட்களில் இரவில் இறுக்கமற்ற மென்மையான பிராவும் பயன்தரும்.

வெந்நீர் ஒத்தடம் சிலருக்கும், குளிர்ந்த ஒத்தடம் சிலருக்கும் இதமளிக்கும். எது ஒத்துக்கொள்கிறதோ அதைச் செய்யலாம். தேவைப்பட்டால் பாராசிட்டமால் அல்லது இபுபுரூஃபன் எடுக்கலாம். வலியுள்ள இடத்தில் டைக்ளோஃபெனாக் களிம்பு தடவுவதும் பலனளிக்கிறது. இபுபுரூஃபனை உணவுக்குப் பின்பே உண்ண வேண்டும். குடற்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதை உண்ணலாகாது. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும்.

காப்பியை நிறுத்தினால் குறையும் என்பர். இதற்குச் சான்று வலுவாக இல்லை. வைட்டமின் ஈ மாத்திரையின் நிலையும் அதுவே. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் இன்றும் மருந்துக்கடைகளில் விற்கப்படுகிறது. ஆனால் போதிய பலன் நிறுவப்படாததால், பிரிட்டனில் இவ்வலிக்கான மருந்தாக அதற்கிருந்த உரிமம் 2002இல் விலக்கப்பட்டது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது பால் சுரப்பைக் குறைக்கத் தாய்மார்கள் செய்துவந்த முறை. இந்த வலிக்குரியது அன்று.

அன்றாட வேலையைக் கெடுக்கும் கடும் வலிக்கு டனசோல், டமாக்சிஃபென் போன்ற மருந்துகளை மருத்துவர் தரக்கூடும். பக்கவிளைவுகள் மிகுதி என்பதால் இவை வெகு சிலருக்கே தேவைப்படும். கருத்தடை மாத்திரை தொடங்கிய பின் வலி வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலை

வலி மட்டும் இருப்பது புற்றுநோயின் அறிகுறியாக இருப்பது அரிது. அதேவேளை, வலிக்காத கட்டியைப் புறக்கணிப்பதே ஆபத்து. மாதவிடாய் முடிந்த பின்னும் கரையாத கட்டி, எப்போதும் ஒரே புள்ளியில் நிலைத்த வலி, தோலில் குழி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தம் கசிதல், சிவப்புடன் காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த மாதத்திற்காகக் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மார்பகத்தைத் தாமே தொட்டுப் பார்ப்பவர்கள், மாதவிடாய் முடிந்து சில நாட்கள் கழித்துப் பார்ப்பதே சரி. அதற்கு முன் எல்லாமே கட்டிபோலத் தோன்றும்.

மருத்துவர் கையால் சோதித்து, தேவையானால் இளம்பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராம் படமும் எடுக்கச் சொல்வார். பெண் மருத்துவரே வேண்டும் என்று கேட்பதிலோ, தாயையோ தோழியையோ உடன் வைத்துக்கொள்வதிலோ தயக்கம் வேண்டியதில்லை.