பனித்தரையில் பெங்குயினை எவ்வளவு நேரம் பிடித்திருக்கலாம்?

2008இல் துபை மால் திறக்கப்பட்டதிலிருந்து, அதற்குள் இருக்கும் ஐஸ் ரிங்க் வளைகுடாவில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பழக்கமான இடமாகிவிட்டது. ஃபிரிட்ஜுக்கு வெளியே பனிக்கட்டியைப் பார்க்காமல் வளர்ந்த பெற்றோருக்குத்தான் அது அச்சமூட்டும் இடம். பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று, கைப்பிடி வைத்த பெங்குயின் பொம்மையை வாடகைக்கு எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தள்ளியபடி பிள்ளை சுற்றி வருகிறது. பல வாரங்கள் கழித்துப் பார்த்தாலும் அதே பெங்குயின், அதே சுற்று.

பிடிமானம் வைத்துப் பழகுவது தவறல்ல. கால்வாய்கள் உறையும் நெதர்லாந்தில், குழந்தைகள் வீட்டு நாற்காலியைப் பனியில் தள்ளிக்கொண்டே முதல் அடி வைப்பது நெடுநாள் வழக்கம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தைப் பனிமேல் கடக்கும் போட்டியை நடத்திய நாடு அது. (போதிய கனத்தில் பனி உறையாததால் 1997க்குப் பிறகு அந்தப் போட்டி நடக்கவில்லை என்பது வேறு கவலை.)

சிக்கல் எங்கே வருகிறது? ஸ்கேட் காலணியின் அடியில் உள்ள தகட்டைத் திருப்பிப் பாருங்கள். சுமார் 4 மில்லிமீட்டர் அகலம்தான். நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு விளிம்புகள். ஃபிகர் ஸ்கேட் வகையில் முன்நுனியில் பற்களும் இருக்கும். ஒரு காலின் உள்விளிம்பால் பக்கவாட்டில் உந்தி, மறுகாலில் வழுக்கிச் செல்வதுதான் ஸ்கேட்டிங். அதற்கு முழங்கால் மடங்க வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும், உடல் எடை பாதத்தின் நடுப்பகுதியில் இறங்க வேண்டும்.

பெங்குயினைப் பிடித்தவுடன் இவை எல்லாம் தலைகீழாகின்றன. எடையில் ஒரு பங்கு கைகளுக்குப் போகிறது. இடுப்பு வளைகிறது, முழங்கால் விறைக்கிறது, கண் பொம்மையின் தலையையே பார்க்கிறது. எடை கால்விரல்களுக்கு நகர்வதால் முன்பற்கள் பனியில் குத்தித் தடுக்குகின்றன. கால்களும் வழுக்குவதற்குப் பதிலாக நடக்கின்றன. ஒரு மணி நேரம் போனால் பிள்ளை கற்றிருப்பது பொம்மை தள்ள மட்டுமே. குழந்தைக்கான பெங்குயினைப் பெரியவர் பிடித்தால் இன்னும் மோசம், ஏறக்குறைய ருகூவு நிலையில்தான் போக வேண்டியிருக்கும்!

ஆகவே, முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் தாராளமாகப் பிடிக்கட்டும். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்து, தரையின் வழுக்கலுக்குப் பழகட்டும். பிறகு முட்டையைப் பிடிப்பது போல விரல் மட்டும் படட்டும். அடுத்து ஒரு கை. அதன்பின் பெங்குயினை ஓரம் வைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி தனியே நகரச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்பாக விழக் கற்றுக்கொடுங்கள். அமெரிக்காவின் ‘லேர்ன் டு ஸ்கேட் யூஎஸ்ஏ’ பாடத்திட்டத்தில் சிறுவர்களின் முதல் படியே பனியில் உட்கார்ந்து எழுவதுதான். தடுமாறினால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பக்கவாட்டில் இடுப்பு படுமாறு சரிய வேண்டும். அடுத்தவர் தகட்டில் சிக்காதபடி விரல்களை உடனே மடக்கிக்கொள்ள வேண்டும். எழும்போது மண்டியிட்டு, ஒரு பாதத்தை ஊன்றி, அந்த முழங்காலில் கைகளை அழுத்தி எழலாம். இது தெரிந்த பிள்ளைக்குப் பெங்குயினை விடுவதில் பாதி பயம் போய்விடும். கையுறையும் தலைக்கவசமும் அவசியம். நீண்ட அபாயா அணிந்து இறங்கும் பெண்கள், விளிம்பு தகட்டில் மாட்டாதவாறு கணுக்காலுக்கு மேலே ஊசி குத்தி, உள்ளே கால்சட்டை அணிந்துகொள்வது நல்லது.

நிற்கவோ சமநிலை காக்கவோ இயலாத பிள்ளைகளிடம் இந்தப் பத்து நிமிடக் கணக்கைப் பேசக் கூடாது. சட்டமோ சறுக்கு வண்டியோ, எது தேவையோ அது என்றும் அவர்களோடு இருக்கலாம். 1960களில் ஸ்டாக்ஹோமின் மறுவாழ்வு நிலையம் ஒன்றில், ஹாக்கியை விட மனமில்லாதவர்கள் இரு தகடு பூட்டிய சறுக்கு வண்டியில் உட்கார்ந்து, குட்டையான கோல்களால் உந்தி விளையாடத் தொடங்கினார்கள். அந்த ஆட்டம் 1994இல் நார்வேயின் லில்லஹாமர் பாராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது.