உவரும் வெள்ளமும் ஒன்றுகூடினால்

காரைக்காலைச் சார்ந்த நெரவி, காவிரியின் கடைமடைப் பூமி. கோடையில் உவர் பூப்பதும், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் தேங்குவதும் இப்பகுதிக் குடியானவர் யாவரும் அறிந்ததே. இவ்விரண்டும் ஒருங்கே சேர்ந்தால் விளையும் தீங்கு, தனித்தனித் தீங்குகளின் கூட்டுத்தொகையினும் மிகுதியாகக்கூடும்.

உப்பைத் தடுக்க வேருக்குச் சக்தி வேண்டும். அச்சக்தி சுவாசத்தால் உண்டாவது. நெல்லின் உடலிலுள்ள காற்றறைகள் தேங்குநீரிலும் வேருக்குப் பிராணவாயுவைக் கொணர்கின்றன. பயிர் முழுதும் மூழ்கினால் அவ்வழி அடைபடுகின்றது. வேர் தளர, சோடியம் இலைக்கு ஏறுகின்றது. வயல் வறண்டாலோ, எஞ்சிய ஈரத்தில் உப்புச் செறிந்து பயிரை வாட்டுகின்றது.

ஆதலின் ஒரு துன்பத்துக்கு மட்டும் மருந்து தேடுதல் போதாது. மூழ்குதலைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல் உவரையும் தாங்குமென்று கொள்ளலாகாது. 2004 டிசம்பர் 26-ல் நாகை, காரைக்கால் கரையோர வயல்களில் புகுந்த கடல்நீரின் உப்பைப் பின்வந்த மழையே பெரிதும் கழுவியது.

சம்பா நடவுக்கு முன் மண்ணைச் சோதிப்பித்து, வரப்புயர்த்தி, நன்னீரைத் தேக்கிப் பன்முறை வடித்தல் வேண்டும். ஜிப்சம் களர்நிலத்துக்கே உரியது. சோதனையின்றி இடுதல் வீண்செலவாகலாம். முற்றிய நாற்றை நடுதல் நலம். வடிகால் ஒருவர் வயலோடு முடிவதன்று. கீழ்மடை அடைபட்டால் மேல்வயலும் மூழ்கும். ஆகவே, பருவமழைக்கு முன்னரே கிராம அதிகாரிகளும் நிலக்கிழார்களும் கூடி வாய்க்கால்களைத் தூர்வாருதல் இன்றியமையாதது.