வினவற் பகுப்பும் தொகுப்பியும்: திறந்த மூலக் கருவிகளைத் தேர்தல்

தரவுத்தள வினவலை விளங்கிக்கொள்ளும் மென்பொருளும், செய்நிரலைப் பொறிமொழியாக மாற்றும் தொகுப்பியும் முதலிரு படிகளில் ஒரே பணியையே ஆற்றுகின்றன. முதலாவது சொற்பகுப்பு; அது எழுத்துத் தொடரைச் சொற்களாகப் பிரிக்கின்றது. இரண்டாவது தொடர்ப்பகுப்பு, அது அச்சொற்களை இலக்கண விதிப்படி ஒரு மரமாக அமைக்கின்றது. இதன் பின்னரே இவை வேறுபடுகின்றன: வினவல் தேடற்றிட்டமாகின்றது, செய்நிரல் பொறிக்கட்டளையாகின்றது.

இப்பணிக்கான கருவிகளை மூவகைப்படுத்தலாம். 1975இல் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட 'யாக்' வழிவந்தவை முதல்வகை. 'பைசன்', 'லெமன்' என்பன இதில் அடங்கும். இலக்கணத்திலுள்ள முரண்களைப் பகுப்பியை ஆக்கும்போதே அறிவித்துவிடுவது இவற்றின் சிறப்பு. போஸ்ற்கிரெஸ் தரவுத்தளம் பைசனையும், எஸ்.கியூ.லைற் லெமனையும் பயன்படுத்துகின்றன. இரண்டாம் வகை, மேலிருந்து கீழாகப் பகுக்கும் 'ஆன்ற்லர்'. பல செய்நிரல் மொழிகளில் பகுப்பியை ஆக்கித் தருவதால் கற்போருக்கு இது எளிது. மூன்றாவது, கையால் எழுதப்படும் பகுப்பி. ஜீ.சி.சி. தொகுப்பி 2004இல் சி++ மொழிக்கும், 2006இல் சி மொழிக்கும் பைசனைக் கைவிட்டு இம்முறைக்கு மாறியது. பிழைச்செய்திகளைத் தெளிவாக அமைக்க விரும்புவோர்க்கு இம்முறையே ஏற்றது.

எனினும், தமிழில் வினவ முனைவோர்க்குத் தொடர்ப்பகுப்பு முறையினும் சொற்பகுப்பே முதற் சோதனையாகின்றது. வன்னிப் பெருநிலத்தின் முள்ளியவளை என்னும் ஊர்ப்பெயரையே நோக்குவோம். நமக்கு அது 6 எழுத்து. ஒருங்குறியில் அது 10 குறிகள், யூ.ரீ.எஃப்-8 முறையிற் சேமிக்கும்போது 30 பைற்றுகள். பெயர்ச்சொல் என்பது 'எழுத்து' வகைக் குறிகளால் மட்டுமே ஆனது என ஒரு சொற்பகுப்பி விதித்தால், மகரத்தை அடுத்த உகரக் குறியிலேயே பெயர் முறிந்துவிடும்; ஏனெனில் ஒருங்குறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தென வகைப்படுத்தாது 'சேர்குறி' என வகைப்படுத்துகின்றது. எஸ்.கியூ.லைற், போஸ்ற்கிரெஸ் ஆகியன ஆங்கிலக் குறித்தொகுதிக்கு அப்பாற்பட்ட பைற்றுகள் அனைத்தையும் பெயரில் ஏற்பதால் இவ்விடரிலிருந்து தப்புகின்றன. ஆயினும் போஸ்ற்கிரெஸ் அட்டவணைப் பெயரொன்றை 63 பைற்றுகளுக்குள் அடக்குகின்றது. ஆங்கிலத்தில் 63 எழுத்துக்கு இடமுண்டு, தமிழுக்கோ 21 குறிகளுக்கே இடமுண்டு.

மற்றோர் இடர் இதனினும் நுண்ணியது. அதே மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயின் முதலெழுத்திலுள்ள ஒகரத்தை ஒரே குறியாலும் எழுதலாம். கொம்பு, கால் என்னும் இரு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைற்றுகளை ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ அவை வேறுவேறு பெயர்கள். ஆகவே பதியும்போதும் வினவும்போதும் குறிகளை ஒரே வடிவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது. இடம்பெயர்ந்து மீண்ட மக்களின் காணிப் பதிவிலோ பெயர்ப்பட்டியலிலோ ஓர் ஊர்ப்பெயர் அகப்படாது போவது சிறு தவறன்று. உரிமையொன்று கைநழுவுவதற்கும் அது காரணமாகலாம்.

திறந்த மூலத்தின் பயன் இங்கேதான் புலனாகின்றது. அது விலையின்மை மட்டுமன்று. தவறான விதியை நாமே திறந்து திருத்தும் உரிமையுமாகும். தமிழிற் செய்நிரல் எழுத உதவும் முத்தையா அண்ணாமலையின் 'எழில்' மொழியும் திறந்த மூலமாகவே வழங்குகின்றது. உரிமங்களையும் நோக்குதல் வேண்டும்: லெமன் பொதுவுடைமை, ஆன்ற்லர் தாராள உரிமமுடையது, பைசன் பொது உரிமத்தின் கீழ் வரினும், அது ஆக்கித்தரும் பகுப்பிக்கு விலக்களிக்கின்றது.

ஆகவே ஒரு கருவியின் வேகத்தையும் புகழையும் ஆராயுமுன், நம் ஊர்ப்பெயர்கள் சிலவற்றை அதனிடம் கொடுத்துப் பார்த்தல் தகும். அவற்றைச் சிதைக்காது ஏற்பதும், சிதைத்தால் திருத்த இடந்தருவதுமே நமக்குரிய கருவி.