தெளிவான தண்ணீர்... ஆனா நிறம் மட்டும் கருப்பு! ரியோ நீக்ரோ ஆற்றில் ஒளி எங்கே போகிறது?

பிரேசிலின் மனாஸ் நகரம் அருகே இரண்டு ஆறுகள் சந்திக்கின்றன. ஒன்று கட்டங்காப்பி நிறத்தில் ரியோ நீக்ரோ. இன்னொன்று பால் கலந்த டீ நிறத்தில் சோலிமோயிஸ். சந்தித்த பிறகும் சுமார் 6 கி.மீ. தூரம் கலக்காமல் பக்கம் பக்கமாகவே ஓடுகின்றன. ஆனா, அந்தக் கருப்பு ஆத்துத் தண்ணியை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பார்த்தா, வெளிர் டீ நிறம்தான் இருக்கும். அப்போ கருப்பு எப்படி வருது?

கரைந்திருப்பது என்ன?

காட்டில் உதிரும் இலை, மரப்பட்டை, வேர் எல்லாம் மக்கும்போது கரிமப் பொருட்கள் தண்ணீரில் கரைகின்றன. டீத்தூளில் இருந்து டிகாஷன் இறங்குவது மாதிரிதான். களிமண் நிலம் இவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரியோ நீக்ரோ பாயும் பகுதியில் மணற்பாங்கான நிலம் அதிகம் என்பதால், அவை நேராக ஆற்றுக்கே வந்துவிடுகின்றன. சோலிமோயிஸ் நிறத்துக்குக் காரணம் வேறு: ஆண்டீஸ் மலையில் இருந்து வரும் வண்டல். வண்டல் ஒளியைச் சிதறடிக்கும்; கரைந்த பொருளோ ஒளியை விழுங்கிவிடும்.

ஏன் நீல நிறத்தை மட்டும் குறிவைக்கிறது?

இந்த மூலக்கூறுகளில் உள்ள கார்பன் வளையங்களின் எலக்ட்ரான்கள், ஆற்றல் அதிகமுள்ள புற ஊதா, ஊதா, நீல ஒளியை அதிகம் உறிஞ்சும். அலைநீளம் கூடக்கூட உறிஞ்சுதல் வேகமாகக் குறையும். அதனால் மிஞ்சுவது மஞ்சள், சிவப்பு. டம்ளரில் சில சென்டிமீட்டர் ஆழம்தான், எனவே வெளிர் நிறம். ஆற்றில் பல மீட்டர் ஆழம். கடைசியில் சிவப்பும் விழுங்கப்பட்டு, மேலே திரும்பி வர ஒளியே இல்லை. அதான் கருப்பு!

நல்லதா, கெட்டதா?

இரண்டும் உண்டு. புற ஊதாக் கதிரைத் தடுப்பதால் நீர்வாழ் உயிர்களுக்கு இது ஒரு குடை. அதே நேரம், பாசிகளுக்குத் தேவையான ஒளியும் குறைந்துவிடும்.

குடிநீருக்கு என்ன சம்பந்தம்?

இங்கதான் விஷயம் இருக்கு. இந்தப் பொருள் கரைந்திருப்பதால், துணியில் வடிகட்டினாலும் போகாது. புற ஊதா விளக்கால் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது, கிருமியைக் கொல்ல வேண்டிய ஒளியை இதுவே உறிஞ்சிவிடும். குளோரின் சேர்த்தால் இன்னொரு சிக்கல்: இரண்டும் வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற சேர்மங்கள் உருவாகும் என்பதை, நெதர்லாந்து வேதியியலாளர் யோஹானஸ் ரூக் 1974-ல் வெளிப்படுத்தினார். அதனால்தான் சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரின் கலப்பதற்கு முன்பே, படிகாரம் போன்றவற்றைச் சேர்த்து இந்தக் கரிமப் பொருளைத் திரளவைத்து நீக்குகிறார்கள்.

காற்று சுத்தமானது, ஏரி பழுப்பானது!

ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நாடுகளின் பல ஏரிகள் 1990-களில் இருந்து பழுப்பேறி வருகின்றன. காரணம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். அமில மழை குறைந்ததால், மண்ணில் இருக்கும் கரிமப் பொருள் முன்பைவிட எளிதாகக் கரைகிறது. வெப்பநிலை, மழைப்பொழிவு மாற்றங்களும் சேர்ந்துகொள்கின்றன. அந்த ஏரிகளை நம்பியிருக்கும் ஊர்களுக்கு குடிநீர் சுத்திகரிப்புச் செலவு கூடுகிறது.

ஆக, தண்ணீர் கலங்கலாக இல்லை என்பதாலேயே அது சுத்தம் என்று முடிவு செய்ய முடியாது. அதில் எது கரைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.