குழாய் வழி உண்ணும் குழந்தை நம் வகுப்பில்

மதிய உணவு மணி அடித்ததும் எங்கள் பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருவன் மட்டும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, நன்றாக இயங்கும் இடது கையால் சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றுவான். அவன் வயிற்றில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. கஞ்சியும் தண்ணீரும் மருந்தும் அதன் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

ஆரல்வாய்மொழிப் பகுதியில் பல ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். ஆனாலும் அவன் சேர்ந்த அன்று எனக்கு ஏற்பட்டது பயம்தான். கற்பித்தல் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பயம் ஒருநாள் என்னைத் தவறு செய்ய வைத்தது. வேறொரு பள்ளியில் வேறோர் ஆசிரியர் அதே தவறைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏன் குழாய்?

அவனுக்கு மூளை முடக்குவாதம். பாடம் புரிகிறது, கதை கேட்டால் சிரிக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் விழுங்கும் தசைகள் ஒழுங்காக இயங்குவதில்லை. நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அவனுக்கு அது சரியாக மூடுவதில்லை. உணவு நுரையீரலுக்குள் போய் அடிக்கடி நிமோனியா வந்தது, எடையும் குறைந்தது. அதனால்தான் மருத்துவர்கள் குழாய் வைத்தார்கள். குழாய் அவனுடைய நோய் அல்ல. அவன் சாப்பிடும் வழி.

இரண்டு வகைக் குழாய்கள்

குறுகிய காலத் தேவைக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாயை வைப்பார்கள். மருத்துவமனைகளில் 'ரைல்ஸ் டியூப்' என்பார்கள். ஜான் ஆல்பிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர் அது. நீண்ட காலத் தேவை என்றால் வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குள் குழாய் வைப்பார்கள். இதற்குக் 'கேஸ்ட்ரோஸ்டமி' என்று பெயர். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், உள்நோக்கிக் கருவியின் உதவியோடு இந்தக் குழாயை வைக்கும் முறையை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் காடரர், ஜெப்ரி பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் செய்து காட்டினார்கள். முதல் நோயாளி சில மாதக் கைக்குழந்தை. குழந்தைகளை மனத்தில் வைத்துப் பிறந்த முறை இது.

'குழாய் வந்தால் கடைசிக் கட்டம்'

நம் ஊர்களில் பலர் இந்தக் குழாயைப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையான பெரியவர்களிடம்தான் பார்த்திருப்பார்கள். அதனால் குழாய் என்றாலே முடிவு நெருங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். எங்கள் பள்ளியிலும் சில பெற்றோர், "அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கேட்டார்கள்.

அவர்களிடம் இரோம் சர்மிளாவைப் பற்றிச் சொன்னேன். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து மணிப்பூரில் 2000 நவம்பரில் உண்ணாவிரதம் தொடங்கியவர் அவர். காவலில் வைக்கப்பட்டு, விருப்பத்துக்கு மாறாக மூக்குக் குழாய் வழியாகவே உணவு செலுத்தப்பட்டார். 2016 ஆகஸ்டில் தேனைச் சுவைத்து உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு நம் கொடைக்கானலில் திருமணம் செய்துகொண்டார். அவருக்குச் செய்யப்பட்டது சரியா என்பது வேறு கேள்வி. ஆனால் குழாய் வழியாக ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஒருவர் உயிர் வாழ்ந்து, பிறகு இயல்பான வாழ்வுக்கும் திரும்பினார் என்பது கண்முன் உள்ள உண்மை.

செலவு எங்கே?

அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடந்ததால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய செலவில்லை. செலவு அதன் பிறகுதான் தொடங்கியது. வயிற்றுக் குழாயைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தோலோடு ஒட்டி இருக்கும் பொத்தான் வகைக் குழாய் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இவற்றோடு சிரிஞ்சு, காஸ் துணி, சத்துமாவு, மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டிச் செலவு எல்லாம் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு அவன் அம்மாவின் கூலி. தோவாளைப் பூச்சந்தைக்குப் பூக்கட்டும் வேலை அவருக்கு. மகன் பள்ளியில் சேர்ந்த பிறகு காலை முதல் மாலை வரை எங்கள் வராந்தாவிலேயே காத்திருந்தார். "விட்டுட்டுப் போனா மனசு நிக்காது டீச்சர்" என்பார். பள்ளிக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தால் அந்தக் கூலி மிஞ்சும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் செய்த தவறு

சில வாரங்களில் நாங்கள் பேசி முடிவெடுத்தோம். காலையில் அவர் வேலைக்குப் போவார், மதியம் வந்து உணவு கொடுத்துவிட்டுத் திரும்புவார். அப்படிப் போன ஒருநாள் முற்பகலில், பக்கத்துப் பையனின் புத்தகப்பை வாரில் சிக்கிக் குழாய் வெளியே வந்துவிட்டது. இரத்தம் இல்லை, அவன் அழவும் இல்லை. துளையின்மேல் சுத்தமான துணியை வைத்து ஒட்டினேன். 'மதியம் அம்மா வந்துவிடுவார், பார்த்துக்கொள்ளலாம்' என்று பாடத்தைத் தொடர்ந்தேன்.

இடைவேளையில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் வேறு வேலையாகத் தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன். "இன்னும் பள்ளியிலா இருக்கிறான்? உடனே கிளம்புங்கள்" என்றார். அவன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனோம். அதற்குள் துளை சுருங்கிவிட்டது. முதலில் மெல்லிய குழாயை நுழைத்து, படிப்படியாகத் துளையை விரித்து, பிறகே அளவான குழாயை வைக்க முடிந்தது. அன்றுதான் அவன் அழுதான். குழாய் வெளியே வந்தால் அந்தத் துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும் என்று மருத்துவர் சொன்னார். இன்னும் தாமதித்திருந்தால் மறுபடியும் அறுவை அரங்குக்குப் போக நேர்ந்திருக்கும். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் மீண்டும் வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

வயிற்றுக் குழாய் வெளியே வந்தால், துளையைச் சுத்தமான காஸ் துணியால் மூடி, வெளிவந்த குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெற்றோருக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள். தேவையென்றால் 108-ஐ அழையுங்கள். மூக்குக் குழாய் நழுவினாலோ, பாதி வெளியே வந்தாலோ அதன் வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. எந்தக் குழாயையும் நாமே திரும்ப நுழைக்க முயலக் கூடாது. தவறினால் மூக்குக் குழாய் மூச்சுக்குழாய்க்குள்ளும், வயிற்றுக் குழாய் இரைப்பைக்கு வெளியேயும் போய்விடலாம்.

உணவு கொடுக்கும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை படுக்கவிடக் கூடாது. அதனால் உணவு முடிந்ததும் தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகள் வேண்டாம். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் உணவு தானாக இறங்கும். வேகமாக அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும். உணவுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. கஞ்சியை நன்றாக வடிகட்ட வேண்டும். சமைத்த கஞ்சி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் வராந்தாவில் வைத்து ஊட்டினால் மண்ணும் சேர்ந்து விழும். அதனால் உணவு நேரத்தை வகுப்பறைக்குள் மாற்றினோம்.

குழாயைச் சுற்றிச் சிவப்பு, சீழ், துர்நாற்றம், சதை வளர்ச்சி, உணவுக் கசிவு ஆகியவை தெரிந்தால் அன்றே பெற்றோரிடம் சொல்ல வேண்டும். உணவின்போது இருமல், மூச்சுத்திணறல், உதடு நீலமாதல் ஏதேனும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி கேட்க வேண்டும். வாயால் சாப்பிடாத குழந்தைக்கும் பல் துலக்குதல் அவசியம். வாயில் சேரும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகக்கூடும்.

பள்ளியின் பொறுப்பு

குழந்தைக்கு மாற்றுத்திறன் உள்ளது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, அந்தக் குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இதற்குப் பெரிய நிதி தேவைப்படவில்லை. தலைமையாசிரியர், பெற்றோர், சிறப்புப் பயிற்றுநர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பக்கத் திட்டத்தை எழுதினோம். குழாயின் வகை, அளவு, மாற்ற வேண்டிய நாள், உணவு நேரம், யார் கொடுப்பது, யாரை அழைப்பது, எந்த மருத்துவமனை என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. மருத்துவமனைச் செவிலியர் அவன் அம்மாவோடு எங்களில் இருவருக்கும் செய்துகாட்டிப் பயிற்சி தந்தார். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கோப்பில் உள்ளது. பயிற்சி பெறாத யாரும் குழாயைத் தொடுவதில்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் வழியாகக் கிடைக்கும் போக்குவரத்துப்படி ஆகியவற்றைப் பெற்றோர் பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். பலருக்கு அவற்றைப் பற்றித் தெரிவதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வரும் வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

ஒருநாள் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், அவனுக்கு ருசி தெரியுமா?" அவனையே கேட்கச் சொன்னேன். அவன் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரித்தான். விழுங்கும் திறனைச் சோதித்த மருத்துவர், நாக்கில் மட்டும் துளி தடவலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். அவன் அம்மா மட்டி வாழைப்பழத்தை மசித்து, விரல் நுனியில் எடுத்துத் தடவுவார். நம் மாவட்டத்துக் குழந்தைகளின் முதல் பழம் அல்லவா அது.

இப்போது அவன் மற்றவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து மதிய உணவை முடிக்கிறான். வராந்தாவில் யாரும் காத்திருப்பதில்லை. அவன் அம்மா சந்தைக்குப் பூக்கட்டப் போகிறார்.