அமாவாசைக்கு மறுநாள் வரும் தீவு

தம்பி தங்கைகளே, எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு நாள் கடல் காணாமல் போய்விட்டது.

அப்போது நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். இன்று அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். தீபாவளிக்கு மறுநாள் லயத்துப் பிள்ளைகளை எல்லாம் லோரியில் ஏற்றி ஜெராம் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். பந்து, வாளி, மிச்சமிருந்த முறுக்கு டின் எல்லாம் லோரியில் இருந்தன. இறங்கும்போது மணி பதினொன்று இருக்கும். கடலைக் காணோம்! கண்ணுக்கு எட்டிய மட்டும் கரும்பழுப்புச் சேறு. அதன் நடுவில் ஒரு சம்பான் ஒருக்களித்துப் படுத்திருந்தது. வெகு தூரத்தில், வானம் முடியும் இடத்தில், வெள்ளிச் சரிகை போல ஒரு கோடு. "அதுதாம்மா கடல்" என்றார் தாத்தா. நான் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் லோரியில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். காலையில் சேறாகக் கிடந்த இடம் முழுவதும் தண்ணீர். கரைக் கற்களில் அலை அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கிளம்பிய பிறகு கடல் வந்திருந்தது.

கடல் மீது தவறில்லை, நாங்கள் தீபாவளிக்கு மறுநாள் போனதுதான் காரணம் என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நீங்கள் குடும்பத்தோடு ஒரு தீவுக்குப் போகத் திட்டம் போடும்போது இது உதவும்.

போன டிசம்பரில் என் தங்கை மகள் வந்து கையைப் பிடித்தாள். அவளுக்கு ஐந்து வயது, அவள் தம்பிக்கு மூன்று. "பெரியம்மா, நாம தீவுக்குப் போகலாமா?" பெர்ஹெந்தியான், ரெடாங் என்று வீட்டில் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். அவை கிழக்குக் கரைத் தீவுகள். ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலில் தடை ஏதும் இல்லாமல் வீசி வந்து அங்கே மோதும். அலை பெரிதாக இருக்கும், படகுகள் நின்றுபோகும். நம்முடைய மேற்குக் கரைக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரு பக்கம் தீபகற்பத்தின் மலைகள், இன்னொரு பக்கம் சுமாத்ரா, நடுவில் ஒதுங்கிக் கிடக்கிறது மலாக்கா நீரிணை.

"அப்படின்னா பக்கத்துத் தீவுக்கே போகலாம்" என்றேன். கோல சிலாங்கூருக்கு அப்பால், சாசாரான் கரையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் நடுக்கடலில் ஒரு மணல்மேடு இருக்கிறது. 'ஸ்கை மிரர்', அதாவது வானக் கண்ணாடி என்பார்கள். அங்கே மரமில்லை, வீடில்லை. தினமும் மூழ்கிப்போகும் இடத்தில் அவை எப்படி இருக்கும்? மாதத்தில் சில நாட்கள் மட்டும், அதுவும் சில மணி நேரம் மட்டும், தலையைக் காட்டிவிட்டு மறைந்துவிடும்.

தங்கைக்கும் அவள் கணவருக்கும் தோதான ஒரு சனிக்கிழமையைப் பிடித்துப் படகுக்காரருக்குப் போன் செய்தேன். தேதியைக் கேட்டதுமே அவர், "அன்றைக்கு மணல் வராது" என்று சொல்லிவிட்டார். அடுப்பங்கரைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் போய்ப் பார்த்தேன். நான் சொன்ன தேதி அஷ்டமி. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அஷ்டமிக்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று பேர் கைகோத்து வரிசையாக ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவன் வேகமாக ஓடுகிறான், நடுவில் இருப்பவன் மிதமாக, கடைசியில் இருப்பவன் மெதுவாக. என்ன ஆகும்? முன் பக்கத்துக் கைகளும் இழுபடும், பின் பக்கத்துக் கைகளும் இழுபடும். நிலா பூமியை இழுப்பது இப்படித்தான். நிலாவைப் பார்த்திருக்கும் பக்கத்துக் கடலை அது பலமாக இழுக்கிறது. நடுவில் உள்ள பூமியை அதைவிடக் கொஞ்சம் குறைவாக. மறுபக்கத்துக் கடலை இன்னும் குறைவாக. அதனால் நிலாவின் பக்கத்திலும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் கடல் புடைத்துக்கொள்கிறது. பூமி சுற்றச் சுற்ற, நம் கரை இந்த இரண்டு புடைப்புகளையும் கடந்து போகிறது. ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். மலாயில் ஆயர் பாசாங், ஆயர் சூரூட் என்று சொல்வது இதைத்தான்.

பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தேவை. ஆகவே இன்று காலை பத்து மணிக்குத் தண்ணீர் வற்றினால், நாளைக்குக் கிட்டத்தட்ட பத்து ஐம்பதுக்கு வற்றும். இந்த ஐம்பது நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலா மட்டுமல்ல, சூரியனும் கடலை இழுக்கிறது. நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, சூரியனோ ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அவ்வளவு பெரிய சூரியனாக இருந்தும், நிலா கடலை 100 பங்கு புடைக்க வைத்தால் சூரியன் 46 பங்குதான் புடைக்க வைக்கிறது. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கும். இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் மிக உயரமாக ஏறும், மிகத் தாழ்வாக வற்றும். அஷ்டமியை ஒட்டி, பாதி நிலா தெரியும் நாட்களில், சூரியன் ஒரு பக்கமும் நிலா குறுக்குப் பக்கமும் இழுப்பதால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். அரைகுறையாக ஏறி, அரைகுறையாக வற்றும். மணல்மேடு தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கும்.

பழந்தமிழில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சேர்த்து 'உவா' என்று ஒரே பெயர் உண்டு. வானத்தில் நேர் எதிரான அந்த இரண்டு நாட்களும் கடலுக்கு ஒன்றுதான். அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது.

கடல் கனமானது, நீரிணையும் நீளமானது. அதனால் இழுத்தவுடன் தண்ணீர் நகர்ந்துவிடாது. மிகப் பெரிய வற்றம் உவாவுக்கு ஓரிரு நாள் கழித்தே வரும். மலாக்கா நீரிணையின் வடிவத்தையும் வரைபடத்தில் பாருங்கள். வடக்கே அந்தமான் கடல் பக்கம் அகலம், தெற்கே வர வர ஒடுக்கம், எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி. உள்ளே வரும் தண்ணீர் நெருக்கப்பட்டு உயர்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் உவா நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் நான்கு மீட்டருக்கும் மேல் போகும். ஒரு மாடி வீட்டின் உயரம்! கடற்கரையோ தட்டையானது. 500 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஆழம் என்று இருக்கும் கரையில், தண்ணீர் நான்கு மீட்டர் இறங்கினால் கடல் இரண்டு கிலோமீட்டர் பின்னால் போய்விடும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும் பண்டிகைதானே? என் சிறுவயதுக் கடல் போன இடம் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆக, உவாவை ஒட்டிப் போகவேண்டும். பௌர்ணமியா, அமாவாசையா? நான் யோசிக்கவே இல்லை, அமாவாசையைத்தான் எடுத்தேன். காரணம் மின்மினி.

கோல சிலாங்கூரிலிருந்து சற்று உள்ளே, சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. அங்கே ஆற்றோரம் பெரெம்பாங் என்ற அலையாத்தி மரங்கள். இருட்டியதும் ஆயிரக்கணக்கான மின்மினிகள் அவற்றின் இலைகளில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணையும். ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவுதான். ஆண்பூச்சிகள் இப்படிச் சேர்ந்து மின்னித்தான் பெண்பூச்சிகளைக் கூப்பிடுகின்றன. அந்த வெளிச்சத்தில் சூடு கிடையாது என்றே சொல்லலாம். பௌர்ணமியில் போனால் நிலா வெளிச்சத்தில் இந்த மின்னல் மங்கிவிடும். அமாவாசையில் போனால் மரமே மூச்சு விடுவது போலத் தெரியும்.

இந்தப் பூச்சியின் புழு மரத்தில் வாழ்வதில்லை. ஆற்றோர ஈர மண்ணில் ஊர்ந்து, குட்டி நத்தைகளைத் தின்று வளர்கிறது. மரம் மட்டும் இருந்தால் போதாது, அதன் பின்னால் உள்ள ஈரக்கரையும் இருக்கவேண்டும். கரை வரை வெட்டிச் செம்பனை நட்டால் புழுவுக்கு இடமில்லை. செம்பனையில் சோறு சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917இல் எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியதுதான். இருந்தாலும் ஆற்றோரத்து அந்த ஒரு துண்டு நிலத்தை விட்டுவைக்கவேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அமாவாசை வந்த சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை நன்றாகத் தூங்கவைத்தோம். இரவு விழித்திருக்க வேண்டுமே! சாயங்காலம் கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்றில் லூத்தோங் குரங்குகளைப் பார்த்தோம். தாய் சாம்பல் கறுப்பு, மடியில் இருக்கும் குட்டியோ பளிச்சென்று ஆரஞ்சு! அங்கே 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமும் இருக்கிறது. இருட்டியதும் துடுப்புப் படகில் மின்மினி பார்க்கப் போனோம். கொசு மருந்தை முன்கூட்டியே தடவிக்கொண்டோம், ஆற்றங்கரையில் பீய்ச்சவில்லை. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டோம். பூச்சிகள் வெளிச்சத்தால் பேசிக்கொள்ளும்போது நாம் விளக்கடித்தால், அவை பேசுவது ஒன்றுக்கொன்று கேட்காமல் போகும். மூன்று வயதுக்காரன் வாய் திறக்காமல் பார்த்தான். பிறகு தன் கண்களை மூடி மூடித் திறந்தான். அவனும் மின்னுகிறானாம்.

மறுநாள் காலை தீவு. உவாவை ஒட்டிய நாட்களில் இந்தக் கடலில் தண்ணீர் மிகவும் வற்றுவது காலையிலிருந்து உச்சிக்குள். எந்த மாதம் போனாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். அமாவாசையில் நிலா சூரியனோடு சேர்ந்தே உதிக்கிறது, பௌர்ணமியில் சூரியனுக்கு எதிரே. நிலா இருக்கும் இடம் கடிகாரத்தில் மாறாததால் வற்றும் நேரமும் பெரிதாக மாறுவதில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. நம் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது உச்சிவெயில் என்று நினைக்கிறோம். கோல சிலாங்கூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணியளவில். நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது. காலை பதினொரு மணி வெயில், சூரியக் கணக்கில் பத்து மணிக்கும் முந்திய வெயில். ஆனால் மணல்மேட்டில் ஒதுங்க நிழலே கிடையாது, தண்ணீரும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குட்டி உடம்பு பெரியவர் உடம்பைவிடச் சீக்கிரம் சூடேறும். எனவே நீளக் கைச்சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், அளவான உயிர்காப்புச் சட்டை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை போகிறவர்கள் விடியற்காலையில் சுமாத்ராப் பக்கமிருந்து திடீரென வரும் காற்றுமழையையும் கணக்கில் வைக்கவேண்டும். மேற்கே வானம் கறுத்திருந்தால் படகுக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

படகில் என் தங்கை மகளுக்குக் குமட்டல் வந்தது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. படகின் தரையைப் பார்க்கும் கண், "இல்லையே, எல்லாம் அசையாமல் இருக்கிறதே" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் தொல்லை. "தூரத்துக் கோட்டைப் பாரு கண்ணு" என்றேன். தொடுவானம் ஆடுவதைக் கண்ணும் பார்த்ததும் சண்டை தணிந்தது.

பிறகு படகு நின்றது. நடுக்கடலில் இறங்கினோம். கணுக்கால் அளவுத் தண்ணீர், கீழே உறுதியான மணல், நாற்புறமும் கரையே தெரியவில்லை. மேலே ஒரு வானம், காலடியில் இன்னொரு வானம். துறவி நண்டு ஒன்று தன் சங்கைத் தூக்கிக்கொண்டு ஒரு மேகத்தின் மேல் நடந்து போனது. தம்பி அந்தச் சங்கை எடுத்துப் பையில் போடப் பார்த்தான். "அது அவன் வீடுடா" என்று அக்கா தடுத்துவிட்டாள்.

அந்தக் கண்ணாடியின் இரகசியத்தை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கறுப்புத் தட்டு ஒன்றில் தண்ணீர் ஊற்றித் தரையில் வையுங்கள். நின்றுகொண்டு நேர் மேலிருந்து பாருங்கள். தட்டின் அடிதான் தெரியும். நேராக விழும் ஒளியில் 100க்கு 2 பங்கை மட்டுமே தண்ணீர் திருப்பி அனுப்புகிறது. இப்போது குப்புறப் படுத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சன்னல் முழுதாகத் தெரியும். சாய்வாக வரும் ஒளியைத் தண்ணீர் மிகுதியாகத் திருப்புகிறது. அங்கே படம் எடுப்பவர்கள் ஏன் கேமராவை மணலோடு மணலாக வைக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? காற்று அடித்தால் கண்ணாடி சிதறிவிடும். எங்களுக்கு அன்றைக்குக் காற்றில்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தம்பி கட்டிய மணல் கோட்டையின் ஒரு சுவர் சத்தமில்லாமல் கரைந்தது. எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது என்றே தெரியவில்லை. கணுக்காலில் இருந்தது அவன் முட்டிக்கு வந்தது. படகுக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது நாங்கள் நின்ற இடத்தின் மேல் சின்ன அலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பெரியம்மா, நாளைக்கும் தீவு வருமா?"

"வரும். இன்றைக்கு வந்ததைவிட ஐம்பது நிமிஷம் தாமதமா வரும்."

கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்படின்னா அதைப் பார்க்கப் போற பிள்ளைங்க இன்னும் கொஞ்சம் தூங்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.